தேவாலா தேயிலைக்குத் தேவை ஒரு வெப்பமானி

பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை வேண்டும் என்று நீலகிரியின் சிறு விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். 2023-இல் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோது அவர்கள் கேட்டது கிலோவுக்கு 33.50 ரூபாய். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலையைப் பற்றிய பேச்சு குன்னூர் ஏல மையத்தோடும் அரசாணையோடும் நின்றுவிடுகிறது. கொழுந்து தேயிலைத் தூளாக மாறும்போது நடுவில் கழிகிற ஒரு மணி நேரத்தை யாரும் விசாரிப்பதில்லை. நீலகிரியின் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வட்டாரத்தின் வருமானம் அந்த ஒரு மணி நேரத்திலும் கூடுகிறது அல்லது குறைகிறது. அப்போது நொதிக்கும் தூளின் வெப்பத்தை ஒவ்வொரு தொழிற்சாலையும் அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், கொழுந்து கொடுப்பவர் அதைப் பார்க்க முடிய வேண்டும்.

அந்த நேரத்தில் நடப்பது இதுதான். சி.டி.சி. உருளைகளில் நசுங்கி வெளிவரும் பச்சைத் தூளில், இலையிலேயே இருக்கும் நொதி காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. முதலில் உருவாகும் தியாஃப்ளேவின்தான் தேநீருக்குப் பளிச்சென்ற நிறத்தையும் நாக்கில் படும் விறுவிறுப்பையும் தருகிறது. நேரமும் சூடும் ஏற ஏற அது தியாருபிஜினாக மாறுகிறது; நிறம் அடர்த்தியாகும், கனம் கூடும், பளபளப்பு போய்விடும். 20 முதல் 25 டிகிரி வரை தியாஃப்ளேவின் நன்றாகச் சேர்கிறது. 30-ஐத் தாண்டினால் சேர்வதைவிட அழிவது வேகமாகிறது. இந்த மாற்றமே வெப்பத்தை உண்டாக்குவது என்பதுதான் இதில் சிக்கல். தூளைக் கனமாகப் பரப்பினால் அடியில் சூடு வெளியேற வழியில்லாமல் தங்கும். சுவரில் தொங்கும் வெப்பமானி அறை குளுமையாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூளின் உள்ளே பல டிகிரி ஏறியிருக்கும். அளக்க வேண்டியது தூளுக்குள். அங்கே வெப்பம் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். அந்த உச்சத்தை ஒட்டித் தூளை டிரையருக்கு அனுப்ப வேண்டும் என்பது தேயிலைத் தொழிலில் பழைய பாடம்.

இது மற்ற இடங்களைவிடத் தேவாலாவுக்கு அதிகம் பொருந்தும். குன்னூர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தேவாலா ஏறத்தாழ 1,000 மீட்டரில்தான். மார்ச், ஏப்ரல் பகலில் இங்கே வெயில் 30 டிகிரியை நெருங்கும். ஜூன் பிறந்தால் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் ஊர்களில் இதுவும் ஒன்று. நனைந்த கொழுந்து சரியாக வாடாது, காற்றும் குளிர்ந்துவிடும். இட்லி மாவு கோடையில் ஒரு நேரத்திலும் மழைக்காலத்தில் வேறொரு நேரத்திலும் பொங்கும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அப்படியிருக்க, இரண்டு பருவத்துக்கும் கடிகாரத்தை மட்டும் பார்த்து ஒரே நேரக் கணக்கில் தூளை எடுத்தால் கோடையில் அது முற்றி மங்கிவிடும், மழையில் பச்சை வாடை போகாமல் நிற்கும்.

அனுபவமுள்ள டீ மேக்கருக்கு மூக்கே போதாதா என்று கேட்பார்கள். அந்த மூக்கின் திறமை உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் இரவு ஷிப்டில், வரத்து குவிகிற மாதத்தில், ஒரு தொகுதிக்குப் பின் இன்னொன்றாக வரும்போது ஒரே மனிதரின் மூக்கு எத்தனை மணி நேரம் தாங்கும்? அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும். பீர் தொழிலும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. சூட்டைக் கையை விட்டுப் பார்த்தே கணித்துவந்த காலத்தில், வெப்பமானியை வைத்துக் காய்ச்ச வேண்டும் என்று 1762-இல் புத்தகம் எழுதினார் லண்டன்காரர் மைக்கேல் கோம்ப்ரூன். ஈஸ்ட் சர்க்கரையை உண்ணும்போதும் சூடு பிறக்கிறது. தொட்டிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஏல் வகைக்கு 18 முதல் 22 டிகிரி, லாகருக்கு 8 முதல் 13 டிகிரி என்ற வரம்பை மீறினால் சுவை கெடும். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தரவில்லை. அனுமதி உள்ள நாடுகளிலோ வீட்டில் சில லிட்டர் காய்ச்சுபவர்களில் பலர்கூடத் தொட்டியில் வெப்பமானி இல்லாமல் தொடங்குவதில்லை. டன் கணக்கில் கொழுந்து வாங்கும் ஒரு தொழிற்சாலை அதைச் செய்யாமலிருக்கக் காரணமே கிடையாது.

கொழுந்து சரியில்லை, விவசாயிகள் முற்றிய இலையைக் கொண்டுவருகிறார்கள், வெப்பமானி வைத்து என்ன பயன் என்பது தொழிற்சாலைகள் சொல்லும் பதில். இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் இல்லாத கொழுந்திலிருந்து நல்ல தேயிலை வராது. எந்தக் கருவியும் அதை மாற்றாது. கொழுந்தைச் சாக்கில் திணித்து அமுக்கி, வண்டிக்காக வெயிலில் காக்க வைத்தால் அது மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அந்தத் தவறு தொழிற்சாலையுடையது அல்ல. ஆனால் இதே காரணத்தால்தான் அளவீடு வேண்டும் என்கிறேன். எடை போடும் இடத்திலேயே மூட்டைக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் பழி யாருடையது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு மழுங்கிய உருளைப் பற்களால் ஏறும் சூடும், கனமாகப் பரப்பியதால் ஏறும் சூடும் தொழிற்சாலையின் கணக்கில் வரும். இன்று எண் எதுவும் கையில் இல்லாததால், ஏலத்தில் விலை குறைந்தவுடன் குற்றம் முழுவதும் கொழுந்து பறித்த கையின் மேல் விழுகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்களும் நிறைந்த இந்த வட்டாரத்தில் அதை எதிர்த்துப் பேச அவர்களிடம் ஆதாரமும் இல்லை.

சந்தை கேட்பது நிறத்தைத்தான், விறுவிறுப்பை அல்ல என்றும் சிலர் வாதிடுவார்கள். பால் ஊற்றிக் குடிக்கும் டீக்கடைகளுக்கு அடர்நிறம் வேண்டும் என்பது சரிதான். நிறம் வேண்டுமென்றே கூடுதல் வெப்பத்தில் விட்டால் அது ஒரு முடிவு. எந்த வெப்பம் என்றே தெரியாமல் விட்டால் அதற்குப் பெயர் அலட்சியம்.

செலவு ஒரு காரணமே அல்ல. தூளில் செருகும் வெப்பமானிக்குச் சில நூறு ரூபாய் போதும். சூடு கூடினால் முதல் மருந்து தூளை மெல்லியதாகப் பரப்புவது. அதற்குப் பணம் தேவையில்லை. ஈரக்காற்று ஊதும் கருவி அதன் பிறகு யோசிக்க வேண்டியது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போகிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் கொழுந்து விலையோ ஏலச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரு தொழிற்சாலையில் கெட்ட தூள் அந்தச் சராசரியை இழுத்தால், அந்தப் பக்கமே போகாத விவசாயியின் வருமானமும் குறைகிறது. எனவே இதை அவரவர் விருப்பத்துக்கு விட முடியாது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளை நடத்தும் இண்ட்கோசர்வும் அரசின் டான்டீயும் முதலில் தங்கள் ஆலைகளில் தொகுதிவாரியாக வெப்பப் பதிவேட்டைத் தொடங்கட்டும். தேயிலை வாரியம் அதைத் தனியார் ஆலைகளுக்கும் கட்டாயமாக்கட்டும். தேவாலா விவசாயிகள் இனி கொழுந்தை இறக்கும்போது எடைச் சீட்டோடு அன்றைய தூளின் வெப்பத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.