சம்பளச் சீட்டா? மந்திரச் சீட்டா?

நமது நாட்டில் உழைப்பவனுக்குக் கணக்குச் சொல்லாமல் கூலி கொடுப்பதென்பது வெகுகாலமாக நடந்துவரும் ஏற்பாடாகும். முன்பு அந்தக் கணக்கு எஜமானனின் மனதிற்குள் இருந்தது. கேட்டால் அடி விழும். இப்போது அது ஒரு காகிதத்திலோ, கைப்போனிலோ வந்து சேருகிறது, கேட்டால் சிரிக்கிறார்கள். முன்பு கணக்கு இல்லாததால் தெரியவில்லை; இப்போது கணக்கு இருந்தும் தெரிவதில்லை. தெரியக்கூடாது என்பதற்காகவே அது அவ்விதம் எழுதப்படுகிறது என்பதுதான் நமது அபிப்பிராயம்.

முட்டுக்காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல், மேற்கே காயல், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு தலைமுறைக்கு முன் மீனையும், உப்பையும், சவுக்குத் தோப்பையும் நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சாலையோர விடுதிகளில் தட்டு எடுக்கிறார்கள், அறை கூட்டுகிறார்கள். சிறுசேரித் தொழிற்பேட்டையில் சிலர் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். சிலர் அதே கட்டடத்தின் வாசலில் காவல் நிற்கிறார்கள். மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு. இவர்களில் அநேகர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். இவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் சம்பளச் சீட்டைக் கடைசி வரி வரையில் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

உங்கள் தகப்பனார் கரையில் என்ன செய்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். படகு கரை ஏறியதும் மீன் எல்லோர் கண்முன்பாகவும் ஏலம் போகிறது. டீசலுக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிச் செலவு கழிக்கப்படுகிறது. மீதியில் படகுக்கும் வலைக்கும் பங்கு. பிறகு ஆளுக்குப் பங்கு. கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர்கூட, கழித்தது எதற்கென்று தெரியாமல் தம் பங்கை மடியில் கட்டமாட்டார். அப்படிப்பட்டவரின் மகன் பட்டம் பெற்று, ஆங்கிலம் பேசி, கழுத்தில் அடையாளச் சீட்டு மாட்டிக்கொண்டு, மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கழிக்கப்படுவதைப் பார்த்து, "ஏதோ பிடித்திருக்கிறார்கள்" என்கிறான் என்றால், அவன் படித்த படிப்பினால் யாருக்குப் பிரயோஜனம்?

இது பிள்ளைகளின் குற்றம் மட்டுமல்ல. சம்பளச் சீட்டைப் பார்த்தால் என்ன இருக்கிறது? பி.எப்., ஈ.எஸ்.ஐ., பி.டி., டி.டி.எஸ். என்று எழுத்தெழுத்தாக அடுக்கியிருக்கிறது. பாஷை நமதல்ல, அர்த்தம் சொல்லப்படுவதில்லை, நடுவில் ஹெச்.ஆர். என்கிற புரோகிதர் ஒருவர் நின்றுகொண்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடு" என்கிறார். புரியாத பாஷையில் எதைச் சொல்லித் தட்சணை கேட்டாலும் கொடுத்துப் பழகிய ஜனங்கள், இங்கேயும் வாய் திறவாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே மந்திரத்துக்கு அர்த்தம் சொல்லவேண்டியது நமது கடமையாகிறது.

முதலாவது, வேலைக்குச் சேரும்போது சொல்லப்படும் தொகை. "வருஷத்துக்கு மூன்று லட்சம்" என்கிறார்கள். வீட்டில் மாதம் இருபத்தையாயிரம் என்று கணக்குப் போட்டு, சீட்டுக் கட்டவும் வண்டி வாங்கவும் ஏற்பாடு நடக்கிறது. இந்த மூன்று லட்சத்துக்கு சி.டி.சி. என்று பெயர். அதாவது உன்னால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. உன் கைக்கு வரும் சம்பளம் அல்ல.

உதாரணமாக, அந்த 25,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். பி.எப்.புக்கு முதலாளி தன் பங்காகக் கட்டவேண்டியது நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1,500. அதை உன் சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துக் காட்டிவிட்டான். கிராஜுவிட்டி என்று சுமார் 600, அதுவும் உள்ளே. மீதி 22,900. இதிலிருந்து உன் பங்கு பி.எப். 1,500 போனால் 21,400. தொழில் வரியும் போனால் மாதச் சராசரி 21,200 ரூபாய்தான். இருபத்தையாயிரம் எங்கே? இருபத்தோராயிரத்துச் சொச்சம் எங்கே? அந்த கிராஜுவிட்டியோ, பொதுவாக ஐந்து வருஷம் வேலை பார்த்தவனுக்குத்தான் கிடைக்கும். குறித்த காலத்துக்கென்று எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருஷம் போதுமென்று புதிய சட்டம் சொல்லுகிறது. மற்றவன் நாலாவது வருஷத்தில் விலகினால் அந்தப் பணம் அவனுக்கு இல்லை. கொடுக்காமலே போகக்கூடிய பணத்தையும் கொடுத்ததாகக் காட்டிப் பெருமை பேசுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது, பி.எப். இது முதலாளி பிடுங்கிக்கொள்வதல்ல, உன் பணம். உன் 1,500 முழுவதும் உன் கணக்கில் சேரும். அவனுடைய 1,500இல் 1,041 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், 459 ரூபாய் உன் கணக்குக்கும் போகும். பத்து வருஷச் சேவை இருந்தால் ஓய்வூதியத்துக்குப் பாத்தியதை உண்டு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அது கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நடப்பதென்ன? ஒப்பந்தக்காரர்களில் சிலர் சீட்டில் 'பி.எப். கழித்தது' என்று அச்சிட்டுவிட்டுப் பணத்தைத் தங்கள் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இது தாமதமல்ல, மறதியுமல்ல. நம்பிக்கை மோசடி என்கிற கிரிமினல் குற்றம். யு.ஏ.என். என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு எண் உண்டு. அதைக்கொண்டு மாதாமாதம் கைப்போனிலேயே பாஸ்புக்கைப் பார்க்கலாம். சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கத் தெரிந்த விரலுக்கு இது பெரிய வித்தையா?

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு என்று 2017இல் வரையறுக்கப்பட்டது. நூறு ரூபாய்க்கு உன்னிடம் 75 காசு. முதலாளியிடம் மூன்றேகால் ரூபாய். அதற்குப் பதிலாக உனக்கும் உன்னை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், நோயில் படுத்தால் பணம், பெண்களுக்குப் பிரசவகாலச் சம்பளம். தாயாருக்கு ஆபரேஷன் என்று கந்துவட்டிக்கு ஓடுகிறவன், தன் பெயரில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதென்பதையே அறியாமல் இருக்கிறான் என்றால், இந்த அறியாமையால் கொழுப்பவர்கள் யார் என்று யோசியுங்கள்.

நான்காவது, வரிகள். தொழில் வரி என்பது ஊராட்சியோ, நகராட்சியோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குவது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவின்படி வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் பிடித்தால் ரசீது கேள். வருமான வரியோ, முதல் வேலைக்காரர்களில் பெரும்பாலோருக்கு இல்லவே இல்லை. 2025-26ஆம் வருஷத்துப் புதிய முறைக் கணக்கின்படி, சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 உட்பட 12,75,000 ரூபாய் வரையில் வரி கிடையாது.

அப்படியிருந்தும் மாதம் பதினெட்டாயிரம் வாங்குகிற பையனிடம் நூற்றுக்குப் பத்து 'டி.டி.எஸ்.' பிடிக்கிறார்களே, அது எப்படி? இதுதான் பித்தலாட்டத்திலெல்லாம் பெரிய பித்தலாட்டம். அவனை வேலைக்காரன் என்று எழுதாமல் 'கன்ஸல்டன்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். காலை ஒன்பதுக்கு வரவேண்டும், லீவுக்குக் கெஞ்சவேண்டும், மேலாளன் திட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆனால் காகிதத்தில் அவன் ஆலோசகன்! ஆலோசகனுக்கு பி.எப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை. பட்டத்தைக் கொடுத்துப் பாத்தியதையைப் பறித்துக்கொள்ளும் தந்திரம் இது. பிடித்த வரியையாவது, வருஷ முடிவில் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் சர்க்காரிடமிருந்து திரும்ப வாங்கலாம். அதுவும் தெரியாததால் அநேகர் விட்டுவிடுகிறார்கள்.

நிற்க, அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டு உடைந்தது, ஐந்து நிமிஷம் தாமதம், சீருடைக்குப் பணம் என்று விடுதிகளில் கை வைக்காத மாதமே இல்லை. 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே இந்தக் கொள்ளைக்குக் கடிவாளம் போட்டது. அதன் இடத்தில் 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி அபராதம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக்கூடாது. சமாதானம் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்காமல் போடக்கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மாதச் சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டாலும், விலக்கப்பட்டாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி தீரவேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம். சம்பளச் சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். ஒப்பந்தக்காரன் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலை வாங்கிய கம்பெனி கொடுக்கவேண்டும். பாக்கிக்கு மூன்று வருஷம் வரை வழக்குப் போடலாம். கொடுத்தாயிற்று என்று ரூசுப்படுத்த வேண்டிய பொறுப்பு முதலாளியினுடையதே.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறதே, பின் என்ன குறை என்று கேட்கலாம். குறை என்னவென்றால், இந்தச் சட்டம் தானாக நடந்து வந்து முட்டுக்காட்டு விடுதியின் கதவைத் தட்டுவதில்லை. தட்டவேண்டிய இன்ஸ்பெக்டருக்கும் இப்போது 'இன்ஸ்பெக்டரும் வசதி செய்து கொடுப்பவரும்' என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வேண்டிய காவல்காரனுக்கு, திருடனுக்கு யோசனை சொல்லும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் ஊர் எப்படியிருக்குமென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

"கேட்டால் வேலை போய்விடுமே, வேலை கிடைத்ததே பெரிதல்லவா?" என்று சில பெரியவர்கள் புத்தி சொல்லுவார்கள். நாம் அவர்களைக் கேட்கிறோம்: வேலை என்பது முதலாளி போடும் பிச்சையா? லாபமில்லாமல் ஒருவனை ஒருநாளாவது வைத்துக்கொள்வானா? தனியாகக் கேட்டால் ஆபத்து என்பது வாஸ்தவம். அதனால்தான் சேர்ந்து கேட்கவேண்டும் என்கிறோம். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டபோது பஞ்சாலைத் தொழிலாளிக்கு எந்தச் சட்டம் துணையிருந்தது? தொழிற்சங்கச் சட்டமே 1926இல்தான் வந்தது. 1923இல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது யாருடைய அனுமதியால்? பழங்கதை வேண்டாம், நமக்கு அடுத்த சுங்குவார்சத்திரத்தைப் பாருங்கள். சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். 2023 ஏப்ரல் 21இல் சட்டசபையில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா, தொழிலாளர் எதிர்ப்பினால் பத்தே நாளில் வாபஸ் என்று அறிவிக்கப்படவில்லையா? கேட்டதால் நின்றது, கேட்காதிருந்தால் நடந்திருக்கும்.

ஆகவே வாலிபர்களும் பெண்களும் உடனே செய்யவேண்டியவை இவை:

1. நியமன உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். புதிய சட்டப்படி அது உங்கள் பாத்தியதை. கைக்கு எவ்வளவு வரும் என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

2. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களின் அசலைக் காட்டுங்கள். கம்பெனிப் பெட்டியில் பூட்டிவைக்கக் கொடுக்காதீர்கள். அது உங்கள் உடைமை, அடமானப் பொருளல்ல.

3. ஒவ்வொரு மாதச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். வழக்கில் அதுதான் சாட்சி.

4. பி.எப். பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதாமாதம் ஒத்துப் பாருங்கள்.

5. பக்கத்தில் வேலை செய்கிறவரிடம் உங்கள் சம்பளத்தைச் சொல்லுங்கள், அவருடையதைக் கேளுங்கள். 'சம்பளம் ரகசியம்' என்பது ஒருவனுக்குக் குறைத்துக் கொடுப்பவனுக்கே அனுகூலமான ரகசியம். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று கொடுப்பது சட்ட விரோதம் என்பது, இருவரும் பேசிக்கொண்டால்தானே வெளிப்படும்?

சர்க்காரையும் ஒன்று கேட்கிறோம். தமிழ்நாட்டில், தமிழன் உழைத்து வாங்கும் கூலியின் கணக்கு ஏன் தமிழில் இருக்கக்கூடாது? ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே, இது எதற்கு, எங்கே போகிறது, திரும்ப எப்போது வரும் என்று மூன்று வார்த்தை தமிழில் அச்சிட என்ன செலவாகும்? விளம்பரத்தைத் தமிழில் போடத் தெரிந்த கம்பெனிகளுக்குக் கணக்கைத் தமிழில் போடத் தெரியாதா? தெரியும். நமக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவர்கள் கவலை.

தோழர்களே! கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் வாங்கிக்கொண்டு கும்பிடு போடுவதுதான் மரியாதைக் குறைவு. கரையில் தன் பங்கின் கணக்கைக் கேட்டு வாங்கியவரின் பிள்ளைகள், கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனதும் ஊமையாகிவிடக் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.