நாவைப் பழக்குதல்

பசி வயிற்றில் எழுவது. வேட்கை நாவில் எழுவது. பசித்தவர்க்குப் பழஞ்சோறும் இனிக்கும்; வேட்கையோ குறித்த பண்டத்தையே நாடும். இவ்விரண்டையும் பிரித்தறியாது உண்பது நோய்க்கு வித்தாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' எனப் பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தில் மூலிகை ஒன்றனையும் கூறினாரல்லர். முன்னுண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்ணுதலையே வற்புறுத்தினார்.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமினும் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உறையிலடைத்து விற்கும் வறுவல்களிலோ உப்பும் எண்ணெயும் மிகுதி. அவற்றில் தோய்ந்த நாவிற்கு வீட்டுணவு சுவையற்றதாகத் தோன்றும்.

ஆயின், அனைத்தையும் ஒரே நாளில் துறப்பதாகச் சூளுரைத்தல் வேண்டா. அவ்வுறுதி பெரும்பாலும் சின்னாளில் தளரும். உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துவரின், சில வாரங்களில் நா அச்சுவைக்கே பழகிவிடும். வேட்கை எழுங்கால் நீர் பருகிச் சற்றுப் பொறுத்தல் நன்று. தணிந்துவிடின் அது பசியன்று என்பது புலனாகும். தணியாவிடின் வேர்க்கடலை, கொய்யா, கேழ்வரகு அடை முதலியவற்றை உண்ணலாம்.

நாவைக் கெடுப்பதும் பழக்கமே, திருத்துவதும் பழக்கமே. ஆதலின், இளமையிலேயே அதனை நெறிப்படுத்துதல் மாணவர் கடமையாகும்.