கையைக் கட்டினால் வாய் திறக்குமா?

காது கேளாத குழந்தைக்குச் சைகை கற்றுக்கொடுத்தால் அது பேசப் பழகாது என்ற நம்பிக்கை, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் தமிழ்நாடெங்கும் இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், பட்டாசு ஆலைகளுக்கு நடுவே அமைந்த தாயில்பட்டி போன்ற ஊர்களில் அதற்கு ஒரு துணை நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது: வாய் பேசாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, கைத்தொழில் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது. இரண்டுமே தவறு. முதல் தவறுதான் இரண்டாவதைப் பெற்றெடுத்தது.

முதல் நம்பிக்கைக்கு ஊரும் ஆண்டும் உண்டு. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிவிட்டு வாய்ப்பேச்சுப் பயிற்சியையே முறையாகக் கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பாரிஸில் டி லெப்பே பாதிரியார் சைகை வழியே பாடம் நடத்தத் தொடங்கி அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அனுபவம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. காது கேளாத ஆசிரியர்கள் பல நாடுகளில் வேலை இழந்தார்கள். கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வாரிசு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து!

பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளிகள் எழுந்தது மிலானை அடுத்த ஆண்டுகளில்தான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தெற்கே பாளையங்கோட்டையில் மிஷனரி புளோரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. வாய்ப்பேச்சு முறைதான் உயர்ந்தது என்ற எண்ணம் இந்நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சியது. ஆனால் வகுப்பில் தடுக்கப்பட்ட சைகை விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் வளர்ந்தது. மூத்த பிள்ளைகளிடமிருந்து இளைய பிள்ளைகள் அதைக் கற்றார்கள். 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டாவும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூரு ஆகிய நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு, அவை பெரும்பாலும் ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று கண்டார்கள். யாரும் பாடத்திட்டம் போட்டு வளர்த்த மொழி அல்ல அது.

‘சைகை வெறும் கையாட்டம், அதில் இலக்கணம் ஏது’ என்பார்க்கும் ஆய்வுகளில் பதில் உண்டு. இந்தியச் சைகை மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். வினாச்சொல்லும் கடைசியில் வரும்: ‘உன் பெயர் என்ன’ என்ற வரிசை அப்படியே சைகையிலும் நிற்கும். ஆமா, இல்லையா என்று கேட்கும் கேள்வியைப் புருவமும் தலையின் சாய்வும் காட்டுகின்றன. முகத்தை மறைத்துக்கொண்டு கையை மட்டும் காட்டினால் பாதி வாக்கியம் போய்விடும்.

பேச்சு வருவதும் வராததும் வேறு காரணங்களால். எஞ்சியிருக்கும் கேள்திறன் எவ்வளவு, கருவி எந்த வயதில் பொருத்தப்பட்டது, பயிற்சி எத்தனை ஆண்டு தொடர்ந்தது என்பவையே அதை முடிவு செய்கின்றன. சைகை அதைக் கெடுக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து தொட்டிலிலிருந்தே சைகையில் வளரும் காது கேளாத பிள்ளைகள், பள்ளிப் படிப்பில் பொதுவாகச் சைகையே காணாத பிள்ளைகளைவிட முன்னே நிற்கிறார்கள். ஏதாவது ஒரு மொழி முதல் சில ஆண்டுகளுக்குள் மனதில் ஊன்றிவிட்டால் இரண்டாவது மொழிக்கு அது நிலமாகிறது. ஒன்றுமே ஊன்றாவிட்டால் பின்னால் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இட்டு நிரப்ப முடிவதில்லை.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாமே என்பது அடுத்த வாதம். தமிழில் ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். ககரம் வாயின் பின்பகுதியில் பிறப்பதால் தெரிவதே கடினம். கண்ணாடி முன் நின்று ஒலியில்லாமல் ‘மருந்து’ என்றும் ‘பருந்து’ என்றும் சொல்லிப் பார்த்தால் போதும். ஏற்கெனவே மொழி தெரிந்தவர் இடத்தையும் பேச்சின் போக்கையும் வைத்து ஊகித்துவிடுவார். மொழியே தெரியாத குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

அறுவைச் சிகிச்சையால் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. பேச்சு வந்த பிள்ளைகள் பலர். ஆனால் அறுவை முடிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. பயிற்சிக்கு வாராவாரம் பஸ் ஏற வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் சரவெடி பின்னும் தாய்க்கு ஒரு நாள் பயிற்சி ஒரு நாள் கூலி போன கணக்கு. வெளிக்கருவி பழுதானால் செலவு தனி. அந்தக் காத்திருப்பின் நடுவே ‘பேச்சு கெட்டுவிடும்’ என்று சைகையையும் விலக்கி வைத்தால், பயிற்சி பலிக்காத பிள்ளை எட்டு வயதில் இரண்டு மொழியும் இல்லாமல் நிற்கும். கருவியும் சைகையும் சேர்ந்தே இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் பிழை.

இனி கைத்தொழில் வாதம். குழாய் உருட்டுவதையும் திரி வைப்பதையும் பார்த்தே பழகலாம், உண்மைதான். காரணத்தைப் பார்த்துப் பழக முடியாது. அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். அதனால் நேற்று மிஞ்சிய கலவையை இன்று தொடக்கூடாது. நேற்றைய மருந்தும் இன்றைய மருந்தும் கண்ணுக்கு ஒன்றுதான். இந்த விதியை மொழியால் மட்டுமே சொல்ல முடியும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை வெடித்து 38 பேர் இறந்த வட்டாரம் இது. போர்மேனின் எச்சரிக்கை, ‘ஓடு’ என்ற கூச்சல், எல்லாம் காது கேட்பவருக்காகவே உள்ள இடத்தில், மொழியில்லாதவருக்குத் தொழில் போதும் என்பது கரிசனம் ஆகாது.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்திலும் இதே அலட்சியம்தான். ஆஸ்பத்திரி, வங்கி, போலீஸ் ஸ்டேஷன் எங்கே போனாலும் வீட்டிலிருந்து தங்கையோ அம்மாவோ வந்து சொல்லிவிடுவார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். வீட்டுச் சைகை சோற்றுக்கும் தண்ணீருக்கும் போதும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கவோ வாக்குமூலம் கொடுக்கவோ போதாது. புகாரே வீட்டார் மீது என்றால் என்ன செய்வது? 2024 வரை நடப்பில் இருந்த சாட்சியச் சட்டம், 2013 திருத்தத்துக்குப் பின், பேச இயலாத சாட்சியிடம் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு வாக்குமூலம் வாங்கி வீடியோவில் பதியச் சொன்னது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் பங்கேற்றார். அவருக்கு மொழி இருந்தது, அதனால் மொழிபெயர்ப்பு நடந்தது. சிறுவயதில் சைகை மறுக்கப்பட்டவர் கூண்டில் ஏறினால் எவ்வளவு தேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான்.

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்தச் சொல்கிறது. அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்கிறது. 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021க்குள் 10,000 சொற்களுக்கு அகராதி கொடுத்துவிட்டது. காது கேட்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் பட்டயமும், காது கேளாதவருக்குச் சைகை ஆசிரியர் பட்டயமும் அது நடத்துகிறது. அந்த ஆசிரியர் பட்டயம் பெற்றவர்களுக்கு வேலை தர வேண்டிய இடம் மேல்நிலைப் பள்ளி அல்ல, அங்கன்வாடி. சொல்லித்தர வேண்டியது பிள்ளைக்கு மட்டும் அல்ல, பட்டாசு வேலை முடித்து மாலையில் வீடு திரும்பும் அதன் தாய் தகப்பனுக்கும்.