பூனை யூரின் போகலையா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்!

“காலையிலிருந்து லிட்டர் பாக்ஸ்ல போய்ப் போய் உட்காருது, ஒண்ணும் வரல. மலச்சிக்கலா இருக்கும்... நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

பூனை வளர்க்கும் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு இது. அந்தப் பூனை கடுவனாக இருந்தால், ‘நாளைக்கு’ என்பதற்குள் காரியம் கைமீறிப் போய்விடலாம்.

கடுவனுக்கு ஏன் ஆபத்து?

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது; நுனியில் ரொம்பவே குறுகலானது. சளி போன்ற கழிவும் நுண்ணிய உப்புப் படிகங்களும் சேர்ந்து ஒரு அடைப்பானாக மாறினாலே போதும், வழி மூடிவிடும். சிறு கல் சிக்கினாலும் இதே கதிதான். பெட்டைகளுக்கும் சிறுநீர்ப்பை அழற்சி வரும் என்றாலும், குழாய் அகலமாக இருப்பதால் முழு அடைப்பு அபூர்வம்.

அடைத்துக்கொண்டால் வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தேங்கும். பொட்டாசியம் அளவு ஏறும். அது நேராக இதயத்தைப் பாதிக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாகி, சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாள்களில் உயிர் போய்விடும். சீக்கிரம் கொண்டுபோனால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

திரும்பத் திரும்ப முக்குவது, ஒரு சொட்டோ ரத்தம் கலந்தோ வருவது, பிறப்புறுப்பை விடாமல் நக்குவது, பாத்ரூம் தரையில் போய் உட்காருவது, அடிவயிற்றைத் தொட்டால் கத்துவது... இவையெல்லாம் ஆரம்ப அறிகுறிகள். வாந்தியும் சோர்வும் வந்துவிட்டால், விஷம் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மலச்சிக்கலுக்கும் இப்படித்தான் முக்கும் என்பதால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். எது என்று தெரியாவிட்டால், அடைப்பு என்றே நினைத்துக் கிளம்புங்கள்.

ஃபிளாட் பூனையின் வாழ்க்கை

முன்பெல்லாம் வீட்டுப் பூனை என்றால் பாதி நேரம் தெருவில்தான் இருக்கும். ஓட்டின்மேல் ஏறும், எலி பிடிக்கும், மீன் தலைக்குக் காத்திருக்கும். அது எங்கே சிறுநீர் கழிக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. இந்த நோயில் இறந்திருந்தாலும், ‘எங்கேயோ போயிடுச்சு’ என்றுதான் சொல்லியிருப்போம்.

இன்றைய பூனை இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குள் வாழ்கிறது. ஓட்டமில்லை, எடை கூடுகிறது, கிண்ணத்தில் எந்நேரமும் ட்ரை ஃபுட். பூனைகளின் மூதாதையர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். தேவையான நீரில் பெரும்பகுதியை இரையிலிருந்தே எடுத்துக்கொண்டவை. தாகம் எடுத்துத் தண்ணீர் தேடும் பழக்கம் அவற்றுக்குக் குறைவு. ட்ரை ஃபுட்டில் ஈரப்பதம் 10 சதவிகிதம் அளவுக்குத்தான் இருக்கிறது. வெட் ஃபுட்டில் 75 சதவிகிதத்துக்கு மேல். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும்.

இன்னொரு காரணம் மன அழுத்தம். புதுப் பூனை வருகை, வீடு மாற்றம், வாசலில் ஓயாத டிரில்லிங் சத்தம்... இவையெல்லாம் கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பையை வீங்கவைக்கும். இளம் பூனைகளில் கிருமித்தொற்று குறைவு என்பதால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதால் அடைப்பு திறக்காது. வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரைகூட பூனையைக் கொன்றுவிடும். வயிற்றை அமுக்கி சிறுநீரை வெளியேற்றவும் முயலாதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

ராத்திரியில் எங்கே போவது?

உண்மையான சிக்கல் இங்கேதான். நம் ஊர்களில் கால்நடை மருத்துவம் மாட்டையும் ஆட்டையும் வைத்து வளர்ந்தது, பிறகு நாய்க்குப் பழகியது. தெருமுனை கிளினிக்குகள் பலவும் இரவில் மூடியிருக்கும். அடைப்புக்கோ மயக்க மருந்து கொடுத்து கதீட்டர் போட வேண்டும், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், ஓரிரு நாள் உள்நோயாளியாக வைத்துக் கண்காணிக்க வேண்டும். எல்லா கிளினிக்கிலும் இந்த வசதி இருக்காது.

சென்னை என்றால் 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் எது, இரவில் யார் இருப்பார்கள், பூனைக்கு கதீட்டர் போடுவார்களா? பூனை நன்றாக இருக்கும்போதே இந்த மூன்றையும் போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வராமலிருக்க...

ஒருமுறை அடைத்த பூனைக்கு மறுபடியும் அடைக்கும் வாய்ப்பு அதிகம். முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் தேவை. திரும்பத் திரும்ப வந்தால் குழாயின் வாயை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை உண்டு. கருத்தடை செய்ததால்தான் வந்தது என்று சிலர் வருந்துவார்கள். அதன் பிறகு ஏறும் எடையைக் கட்டுப்படுத்தினாலே பெரும் உதவி.

வெட் ஃபுட் சேருங்கள், அல்லது உணவில் தண்ணீர் கலந்து கொடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். எத்தனை பூனைகளோ, அதைவிட ஒன்று கூடுதலாக லிட்டர் பாக்ஸ் வேண்டும். படிகங்களைக் கரைக்கும் உணவை டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள். எல்லாக் கல்லும் உணவால் கரையாது.

லிட்டர் பாக்ஸை சுத்தம் செய்யும்போது, நனைந்த மணல் கட்டிகள் எத்தனை என்று தினமும் எண்ணுங்கள். வழக்கமாக மூன்று இருக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு பூனைக் கூடையை எடுங்கள்.