ஜன்னல் மட்டும் வந்தால் போதும்

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள் தங்கவயல் பிள்ளைகள். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடியபின் இந்த ரயில்தான் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. ஆபீஸ் லினக்ஸ் கணினியில் உள்ள புரோகிராமை வீட்டுத் திரையில் திறக்க வழியுண்டா என்று அவர்கள் கேட்டால், “தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் எஸ்.எஸ்.எச். வழியாக ஜன்னலைக் கொண்டுவரலாம், ஆனால் அது பழசு, மந்தம், ஆபத்து” என்று விஷயம் தெரிந்தவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை.

பழசுதான். திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சாளர முறை எம்.ஐ.டி.யில் 1984-இல் பிறந்தது. எஸ்.எஸ்.எச்.சை 1995-இல் ஃபின்லாந்தின் டாட்டு யூலோனென் எழுதினார். அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் நடந்த கடவுச்சொல் திருட்டே காரணம். பழசென்றால் பயனற்றதா? 1902-இல் நம்மூருக்கு மின்சாரம் வந்த கதையைப் பாருங்கள். காவிரியை யாரும் இங்கே திருப்பிவிடவில்லை. சிவசமுத்திரத்தில் ஆறு ஓடியது. அதன் விசை மட்டும் 147 கிலோமீட்டர் கம்பியில் சுரங்கத்துக்கு வந்தது. இங்கும் அதேதான். கணக்கெல்லாம் பெங்களூரில் ஓடும். ஜன்னல் மட்டும் நம்மூர் ராபர்ட்சன்பேட்டையில் திறக்கும். வேலண்ட் என்ற புதிய முறை வந்தபிறகும் இந்தத் தேவை தீரவில்லை. அதற்கென்றே வேபைப் என்ற கருவியை எழுதியிருக்கிறார்கள்.

மந்தம் என்பது பாதி உண்மை. கண்ணாடியிழையில் ஒளி நூறு கிலோமீட்டரை அரை மில்லிநொடியில் கடக்கும். ஆகவே தூரத்தின் மேல் பழி போட முடியாது. எக்ஸ் புரோகிராம் அடிக்கடி திரையிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்தப் போக்குவரத்து பெருகும்போதுதான் தாமதம் தெரிகிறது. எழுத ஈமாக்ஸ், வரைபடம் போட நூபிளாட் போன்ற புரோகிராம்கள் “இங்கே கோடு, இங்கே எழுத்து” என்ற அளவில் பேசுவதால் இலகுவாக ஓடும். இன்றைய பிரவுசரோ முழுப் படத்தையே அனுப்பித் திணறடிக்கும். பிரவுசரை ஆபீஸ் கணினியிலிருந்து இழுத்துவந்து பார்த்துவிட்டு, முறையே மோசம் என்பது நியாயமில்லை. வீடியோவுக்கும் முப்பரிமாண வேலைக்கும் இது ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆபத்தை மட்டும் கவனமாகப் பேச வேண்டும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. போகும் வரும் எல்லாமே மறையாக்கப்பட்டவை. ஆபத்து மறுமுனையில் இருக்கிறது. அங்குள்ள கணினி கெட்டவர் கையில் சிக்கினால், நீங்கள் வீட்டில் தட்டும் எழுத்தையும் அவர் வாசிக்கலாம். எஸ்.எஸ்.எச். கட்டளையோடு சேர்க்கும் சிறிய எழுத்து எக்ஸ் (-x) ஜன்னல் வருவதைத் தடுக்கும், பெரிய எக்ஸ் (-X) கட்டுப்பாடுகளோடு திறந்துவிடும், பெரிய ஒய் (-Y) முழு நம்பிக்கை கொடுக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் பெரிய எக்ஸும் ஒய்யைப் போலவே நடந்துகொள்ளும்படி அமைத்திருப்பதால், அங்கே அந்த எக்ஸை நம்பி ஏமாறாதீர்கள். நம்பகமான ஆபீஸ் கணினியோடு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு அறுந்தால் புரோகிராமும் போய்விடும் என்ற குறைக்கு எக்ஸ்ப்ரா என்ற கருவி மருந்து. ஜன்னலைக் காட்ட, வீட்டில் விண்டோஸ் இருந்தால் விசிஎக்ஸ்சர்வ், மேக் இருந்தால் எக்ஸ்குவார்ட்ஸ்; இரண்டுக்கும் காசில்லை. ஆபீஸ் நிர்வாகி எஸ்.எஸ்.எச். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற மனம் வைத்தால், வாரத்தில் ஓரிரு நாளாவது நம் பிள்ளைகள் அந்த விடியற்கால ரயிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.