கட்டுடல் ஒலிவாவுக்கு, பட்டம் வேறொருவருக்கு

தகுதி, திறமை என்று பேசுகிறவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அளவுகோல் யார் கையில் இருக்கிறது?

"விளையாட்டில் எல்லாம் சாதியும் இல்லை, நிறமும் இல்லை, உடம்பு பேசும்" என்பார்கள். சரி, உடம்பு மட்டுமே பேசவேண்டிய விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆணழகன் போட்டி.

செர்ஜியோ ஒலிவா 1941இல் கியூபாவில் பிறந்த கறுப்பர், பளுதூக்கும் வீரர். 1962இல் போட்டிக்காகக் கியூபா அணியோடு ஜமைக்கா போன இடத்தில் அமெரிக்காவிடம் தஞ்சம் கேட்டார். பிறகு சிகாகோவில் இரும்பாலை வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் உடற்பயிற்சிக்கூடம்.

1966இல் அமெச்சூர் அத்லெடிக் யூனியன் நடத்திய மிஸ்டர் அமெரிக்கா போட்டியில் ஒலிவா மேடையேறினார். அதிகத் தசைக்கட்டு உள்ளவர் என்ற பரிசு அவருக்கு. மிஸ்டர் அமெரிக்கா பட்டம் பாப் கஜ்டா என்ற வெள்ளையருக்கு. ஒலிவாவுக்கு இரண்டாமிடம்.

எப்படி நடந்தது? அந்தப் போட்டியில் தசைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. பொதுத் தோற்றம், பேச்சு, கல்வி, குணநலன் என்றெல்லாம் பார்ப்பார்கள். ஸ்பானிய மொழி பேசும் கறுப்பு அகதித் தொழிலாளி அதில் எங்கே நிற்பார்? தசையை நாடா வைத்து அளக்கலாம். 'தோற்றத்தையும்' 'குணத்தையும்' எந்த நாடாவால் அளப்பது? அளக்க முடியாத இடத்தில்தான் பாகுபாடு உட்கார்ந்துகொள்கிறது. கறுப்பருக்குப் பட்டம் இல்லை என்று எந்த நடுவரும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையே இல்லை. 1939 முதல் 1969 வரை 31 ஆண்டுகள், அந்தப் பட்டம் ஒரு கறுப்பருக்கும் போகவில்லை என்பதே போதும்.

கஜ்டா தகுதியில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் உழைத்தவர்தான். ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு அமைப்பு நடத்திய மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை ஒலிவா வென்றார். 1967, 1968, 1969 என்று தொடர்ந்து மூன்று முறை. 1968இல் அவரை எதிர்த்து மேடையேறவே ஆள் இல்லை. அதே உடம்பு, அதே உழைப்பு. மாறியது அளவுகோல் மட்டும்.

"1970இல் கிறிஸ் டிக்கர்சன் என்ற கறுப்பர் மிஸ்டர் அமெரிக்கா ஆனாரே" என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். ஆமாம், ஆனார். அவருடைய அம்மா மஹாலா ஆஷ்லி டிக்கர்சன், அலபாமாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர். அப்படிப்பட்ட படித்த குடும்பத்திலிருந்து வந்து, அத்தனை கட்டத்தையும் நிரப்பிக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. திறந்த கதவைக் காட்டிப் பூட்டியிருந்த 31 ஆண்டுகளை மறைக்கப் பார்க்காதீர்கள்.

இது அமெரிக்கக் கதை மட்டும்தானா, தோழர்களே? ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி பாகுபாட்டைக் காட்டுகிறது என்றது. நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்க 2016இல் பரிந்துரைத்தது. எழுத்துத் தேர்வில் நம் பிள்ளை முன்னால் நிற்கிறாள். நேர்முக அறையில் 'தன்னம்பிக்கை போதாது', 'ஆங்கிலம் சரளமாக இல்லை' என்கிறார்கள். மிஸ்டர் அமெரிக்கா நடுவர்களின் அதே கட்டம்தான், மேசை மட்டும் வேறு.

ஆகவே, 'இன்னும் கடினமாக உழை' என்ற அறிவுரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். ஒலிவா உழைக்காமலா தோற்றார்? நேர்முகத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், எதற்கு எவ்வளவு, போட்டவர்கள் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள். நம்மை அளக்கிறவர்களின் நாடாவை நாமும் ஒருமுறை அளந்து பார்ப்போம்.