விபூதியும் மருந்துப் புட்டியும்

சென்ற பௌர்ணமி இரவு, திருவண்ணாமலை மலைசுற்றும் பாதையில் அடி அண்ணாமலைக்குச் சமீபத்தில் ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 14 கிலோமீட்டரில் பாதிக்குமேல் நடந்திருந்தார். கூடி நின்றவர்களில் ஒருவர் விபூதியை அள்ளி நெற்றியில் அப்பினார். மற்றொருவர் எலுமிச்சம்பழம் பிழிந்தார். "கிரிவலத்தில் உயிர் போனால் மறுபிறவியே இல்லை" என்று ஒரு கிழவர் ஆறுதல் சொன்னார்! 108-க்குப் போன் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. நாம்தான் செய்தோம்.

நிற்க, விபூதியைப் பற்றி எழுதிப் பேனா தேய்ந்துவிட்டது. மறுநாள் நமது தோழர் ஒருவர், விபூதியைத் தலைமுழுகிப் பல வருஷமானவர், கார்னிட்டின் என்னும் மருந்துப் புட்டியைக் காட்டி, "இது பையிலிருந்தால் மாரடைப்புக்குப் பயமில்லை" என்றார். யார் சொன்னது என்றோம். கடைக்காரராம்!

கார்னிட்டின் பொய்ச் சரக்கல்ல. 1905-ல் ருஷ்யாவில் மாமிசச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மரக்கறி தின்பவருக்கும் ஈரலும் மூத்திரக்காயும் அதைச் செய்துகொடுக்கின்றன. இருதயத்துக்கு முக்கிய விறகு கொழுப்பு. அந்த விறகை, உயிரணுவுக்குள்ளிருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற அடுப்புக்குச் சுமந்துபோகும் கூலியாளே இந்தக் கார்னிட்டின். இரத்தக்குழாய் அடைத்துப் பிராணவாயு நின்றால் அடுப்பு அணைகின்றது. சுமந்துவந்த விறகோ எரியாமல் குவிகின்றது. அப்படிக் குவியும் கொழுப்புச் சரக்கு உயிரணுவின் தோலைக் கெடுத்து, மின்சார ஓட்டத்தைக் குழப்பி, இருதயத்தைத் தாளந் தப்பித் துடிக்கச் செய்கின்றது. மாரடைப்பில் பலர் திடீரென்று சாவது இந்தத் தாளக்கேட்டினால்தான், யமன் கயிற்றினாலல்ல. கார்னிட்டினை மேலும் கொடுத்தால் தேங்கிய சரக்கு விலகும் என்பது ஆராய்ச்சிக்காரர் எண்ணம்.

மனிதரிடத்தில் பலன் என்ன? 13 பரிசோதனைகளை, 3,629 பேரின் கணக்கை, ஒன்றுசேர்த்து 2013-ல் பார்த்ததில் தாளக்கேடு 65 சதவிகிதமும் சாவு 27 சதவிகிதமும் குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் மறுபடி மாரடைப்பு வருவது குறையவில்லை. இத்தாலியில் 2,330 பேரிடம் செய்து 2006-ல் வெளியிட்ட பெரிய பரிசோதனையிலோ, ஆறு மாத முடிவில் சாவையும் இருதயத் தளர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தபோது நிச்சயமான லாபம் தெரியவில்லை. போதாக்குறைக்கு, குடல் கிருமிகள் கார்னிட்டினை மாற்றி இரத்தக்குழாய்க்குக் கேடான பொருளுக்கு வழிசெய்கின்றன என்றும் அதே 2013-ல் வேறு ஆராய்ச்சி சொல்லிற்று.

இவ்வளவையும் தோழரிடம் சொன்னோம். கடைக்காரர் சொன்னார் என்று நம்புவதற்கும் குருக்கள் சொன்னார் என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம்? தாளந் தப்பிச் சாய்ந்தவனுக்கு வேண்டியது நெஞ்சை அமுக்கும் இரண்டு கைகளும் மின்சார அதிர்ச்சிக் கருவியுமே. நெஞ்சு வலிக்கும்போதே போனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஸ்பிரின் முதலிய முதல்வேளை மாத்திரைகளை 2023 முதல் சர்க்கார் இனாமாய் வைத்திருக்கின்றது.

தோழர் சற்று யோசித்து, புட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டார். மூடி திறக்காதிருந்தால் கேட்டுப்பார்க்கச் சொன்னோம்.